தனத்திடம் சொல்லிப் பார்த்த பாடங்கள்

தனம் இறந்துபோன செய்தி எனக்கு வரவில்லை. என் மகள் கவிதாவுக்குத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சூரமங்கலத்தில் மகள் வீட்டில் இருந்தேன். கவிதா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. காதில் வைத்தவள் “எப்பொ?” என்று மட்டும் கேட்டாள். தோசையைத் திருப்பவில்லை, அடுப்பை அணைக்கவில்லை, அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் போய் அடுப்பை அணைத்தேன்.

“யாருக்குடி என்னாச்சு?”

“தனம் சின்னம்மா போயிருச்சும்மா. காத்தால தறிப் பட்டறைக்குள்ள நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம்.”

அவள் அப்பா போனபோதுகூடக் கவிதா அப்படி அழவில்லை. அழட்டும் என்று நின்றேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. எனக்கு முதலில் வந்த எண்ணம், ஏன் எனக்குப் போன் பண்ணவில்லை என்பதுதான். அவளும் நானும் பதினேழு வருடம் ஒரே மரத்தடியில் சோற்றுப் போசியைத் திறந்தவர்கள். பழைய மாணவிகள் ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறார்களாம். அதில் செய்தி போய், சேலம், நாமக்கல், ஈரோடு என்று எல்லா ஊர் டீச்சர்களும் அழுது முடித்த பிறகு, என் மகள் வாயால் எனக்குத் தெரிகிறது.

நான் யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டீச்சருக்குப் படிக்கிற பெண்களுக்கான அந்தக் கல்லூரியில் நான் அட்டெண்டர். மணி அடிப்பது, கடிதம் பிரிப்பது, மாணவிகளின் பாடக்குறிப்பு நோட்டுகளைக் கட்டி அடுக்குவது என் வேலை. தனம் பெருக்கித் துடைக்கிறவள். எனக்கு இரண்டு வருடம் பின்னால் வந்தவள். நான் எட்டாவது படித்திருக்கிறேன், அவள் ஐந்தாவதோடு நின்றுவிட்டாள். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நான் அவளுக்கு ஒரு படி மேலே. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கல்லூரியில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவில்லை.

தனத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பழைய மாணவிகள், அவளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுவது என்று முடிவு செய்தார்கள். கவிதாவை எழுதித் தரச் சொன்னார்கள். பக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், என்னைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் “நானே எழுதறேன்” என்றேன். கவிதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் எழுதியதை அவள் பிழை திருத்தித் தருகிறாள். வார்த்தையை மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

முதலில், பிள்ளைகள் தனத்திடம் பாடம் சொல்லிப் பார்க்கிற வழக்கம் எப்படி வந்தது என்று சொல்கிறேன். அதைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

டீச்சருக்குப் படிக்கிறவர்கள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழக வேண்டும், அது விதி. போகும்முன் கல்லூரியிலேயே, சக மாணவிகளைப் பிள்ளைகளாக உட்கார வைத்து நடத்திக் காட்ட வேண்டும். பேராசிரியர் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து, நோட்டில் குறை நிறை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இது எல்லாம் விதிப் புத்தகத்தில் இருக்கிறது. நோட்டு அடுக்குகிறவள் நான், அதனால் நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரிதான் இருக்கும். “நன்று. குரல் வளம் அருமை.” சளி பிடித்துத் தொண்டை கட்டிய பெண்ணுக்கும் குரல் வளம் அருமைதான். பேராசிரியர்கள் பாவம், ஆள் குறைவு, ஒருவருக்கு மூன்று பேர் வேலை.

ஒரு மத்தியானம், நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டிய ஒரு பெண் காலி வகுப்பறையில் தனியாக நின்று பின்னக் கணக்கு நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயத்தில் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வழியில் போன என்னைக் கூப்பிட்டு, “அக்கா, கொஞ்சம் உக்காந்து கேளுங்க” என்றாள். கேட்டேன். பலகையில் வட்டமாக ஒன்று வரைந்து, பீட்சா என்று சொல்லி, நாலாகவும் எட்டாகவும் கோடு போட்டாள். முடித்ததும் “எப்படிங்கக்கா?” என்றாள். “ரொம்ப நல்லாருக்குது சாமி” என்றேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று யாராவது சொல்வார்களா?

சொன்னாள் ஒருத்தி. பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்த தனம் துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்து, “ஏனுங்க கண்ணு, நான் ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள்.

“கேளுங்கக்கா.”

“நாலெ உட எட்டு பெருசு தானுங்களே. அப்பறம் நாலுல ஒண்ணெ உட எட்டுல ஒண்ணு எப்படிங்க சிறுசாவும்? நீங்க வட்டம் போட்டீங்க பாருங்க, அது வரைக்கும் கூட வந்தனுங்க. கீழ எட்டுன்னு எழுதுனீங்களே, அங்க உட்டுட்டனுங்க. அப்பறம் அந்தப் பண்டத்தெ நான் தின்னதுமில்லீங்க.”

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு வட்டத்தை அழித்துவிட்டு, “அக்கா, ஒரு சேலைத் துணி இருக்குது, நாலு பேருக்கு வெட்டிக் குடுத்தா ஒருத்தருக்கு எவ்வளவு, எட்டுப் பேருக்குன்னா எவ்வளவு?” என்று ஆரம்பித்தாள்.

“ஆள் சேர்ந்தா துண்டு கொறையுமுங்க.”

“அந்தக் கீழ இருக்கற எட்டு, ஆளுங்கக்கா. துணி இல்லெ.”

“அட, அத மொதல்லயே சொல்லோணுமுங்க!” என்று சிரித்துவிட்டுத் தனம் துடைக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “தனம் அக்கா எங்கே?” என்று கேட்டுக்கொண்டு நேரே ஓடினாள். என்னைத் தாண்டித்தான் ஓடினாள். அடுத்த வாரம் நாலு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வருடம் அது சட்டம் மாதிரி ஆகிவிட்டது. தனத்திடம் ஒருமுறை சொல்லிப் பார்க்காமல் யாரும் பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. வாளியை வாசலில் வைத்துவிட்டு மூன்றாவது பெஞ்சில் கை கட்டி உட்காருவாள். புரிந்தால் தலையாட்டுவாள். புரியாவிட்டால் நிறுத்துவாள். “எனக்கே வெளங்கிருச்சுன்னா நாப்பது புள்ளைக்கும் வெளங்குமுங்க, பயப்படாத போங்க” என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக் கிடப்பார்கள், பட்டம் படித்த பெண்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்குத் தெரியாதது எனக்கும் தெரியாது. அவளுக்குப் புரியாதது எனக்கும் புரியாது. அப்புறம் அவளிடம் மட்டும் என்ன?

ஒருநாள் நானே போய் ஒரு பெண்ணிடம் “எங்கிட்டச் சொல்லிப் பாரு சாமி” என்றேன். மரியாதைக்குச் சொன்னாள். இரத்த ஓட்டம். பாதியில் கையைத் தூக்கி, தனம் சொல்கிற மாதிரியே, “வெளங்கல” என்றேன்.

“எங்கீங்கக்கா வெளங்கல?”

“மொத்தமாவே வெளங்கல.”

“மொத்தமான்னா எங்கிருந்துங்க?”

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் கேட்டிருந்தால்தானே எங்கே விட்டேன் என்று தெரியும். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது நிறுத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தனம் ஒவ்வொரு வார்த்தையோடும் கூடவே நடந்து போவாள், எந்த இடத்தில் வழி தவறியது என்று விரல் வைத்துச் சொல்வாள். அது ஐந்தாவது படித்ததால் வருகிறதும் இல்லை, எட்டாவது படித்ததால் வராமல் போவதும் இல்லை. புரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வெட்கம் இல்லை. எனக்கு இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

வருடக் கடைசியில் மாணவிகள் குரூப் போட்டோ எடுப்பார்கள். முதல்வருக்குப் பக்கத்து நாற்காலியில் தனத்தை உட்கார வைப்பார்கள். “நான் பெருக்கறவளுங்க, எனக்கெதுக்குங்க நாற்காலி” என்று ஓடுவாள், இழுத்து வந்து உட்கார வைப்பார்கள். நான் கடைசியில், போட்டோகிராபர் “அக்கா, இன்னுங் கொஞ்சம் உள்ள வாங்க” என்று கையாட்டுகிற இடத்தில் நிற்பேன். ஒரு வருடம் எல்லாரும் சேர்ந்து அவளுக்கு இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த சேலை ஒன்று எடுத்துக் கொடுத்தார்கள், மயில் கழுத்து நிறம். எனக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். டப்பா நல்ல டப்பாதான்.

இதெல்லாம் தாங்கிக்கொண்டேன். கவிதா வந்தபோதுதான் தாங்கவில்லை.

வேலை செய்கிறவர்களின் பிள்ளை என்று கட்டணத்தில் சலுகை கொடுத்து என் மகளை அங்கேயே சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் முதல் ஆள் கல்லூரி வாசல் மிதித்தது அவள்தான். ராத்திரி பகலாக நான் நினைத்துக்கொண்டது ஒன்றுதான். என் மகள் டீச்சர் ஆக வேண்டும். அவள் பாடம் தயார் செய்கிறபோது, வீட்டில் என் எதிரில் நின்று சொல்லிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்பேன் என்று நினைத்தேன். ஒருநாளும் சொல்லவில்லை. “உனக்கு எதுக்கும்மா, நீ நல்லாருக்குன்னு தான் சொல்லுவே” என்றாள்.

ஒரு சாயங்காலம் வகுப்பறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கவிதா பலகை முன் நிற்கிறாள், தனம் மூன்றாம் பெஞ்சில். நான் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்துக்குள் தனம் என் மகளைப் பதினோரு தடவை நிறுத்தினாள். கவிதா கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. தனம் வெளியே வந்து தண்ணீர்த் தொட்டியில் வாளி கழுவும்போது போய்ப் பிடித்துக்கொண்டேன்.

“ஏண்டி, எம்புள்ளைய எத்தனெ தடவெ நிறுத்துவே? டீச்சருன்னு நெனப்பா உனக்கு?”

“அக்கா, புள்ள கோவிக்கலீங்க, நீங்க தான் கோவிக்கறீங்க.”

“அது அழுவுது, உனக்குக் கண்ணு தெரியலியா?”

“இங்க அழுதா நான் ஒருத்தி தாங்க்கா பாப்பேன். பள்ளிக்கூடத்துல அழுதா நாப்பது பேரு பாப்பாங்க.” வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “உங்க புள்ள நல்லா வருமுங்க்கா. தப்பெ மறைக்கத் தெரியலெ அதுக்கு. அது நல்ல கொணம்” என்றாள்.

என் மகளைப் பற்றி எனக்கே சொல்கிறாள். அன்றிலிருந்து ஒரு மாதம் அவளோடு சோறு சாப்பிடவில்லை. அவள் தினமும் மரத்தடியில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பாள். நான் அலுவலக அறையில் சாப்பிட்டேன்.

கவிதா இரண்டாம் வருடம் படிக்கும்போது ஆய்வுக் குழு வந்தது. அந்த நாளைப் பற்றித்தான் பதினாறாம் நாள் காரியத்தில் எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு குறை இருக்கிறது. அதனால் நான் முழுதாகச் சொல்கிறேன்.

குழு வந்து பார்த்து, விதிப்படி எல்லாம் இருக்கிறது என்று எழுதினால்தான் கல்லூரிக்கு அங்கீகாரம் தொடரும். இத்தனை மாணவிகளுக்கு இத்தனை பேராசிரியர், நூலகத்தில் இத்தனை புத்தகம், உளவியல் ஆய்வகத்தில் இன்னின்ன பொருள் என்று கணக்கு உண்டு. குழு வருகிறது என்றால் எங்களுக்குக் கல்யாண வீட்டு அவசரம்தான். வேறு கல்லூரியிலிருந்து புத்தகங்கள் வேனில் வந்து இறங்கும். உளவியல் ஆய்வகத்தில் பிரிக்காத பெட்டிகளை நான் துடைத்து அடுக்குவேன். பட்டியலில் மட்டும் பெயர் இருக்கிற பேராசிரியர்கள் காரில் வருவார்கள். ஆய்வுக்கு ஆய்வு டீ கொடுத்து முகம் பழகிவிட்டது, பெயர்தான் தெரியாது.

அன்றைக்குக் காலையில் ஒரு கார் சங்ககிரி தாண்டி நின்றுவிட்டது. அதில் இரண்டு பேராசிரியைகள். குழு வர இன்னும் ஒரு மணி நேரம். கல்லூரித் தாளாளர் வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடந்தார். அங்கீகாரம் போனால் படித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளின் கதி என்ன என்று அவரிடம் யாரோ கேட்டார்கள். “எனக்கென்னங்க தெரியும்?” என்று கத்தினார். கவிதாவுக்குப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது.

அப்போது அவர் கண்ணில் நான் பட்டேன், எனக்குப் பின்னால் வாளியோடு தனம் பட்டாள்.

“நீங்க ரெண்டு பேரும் ஊட்டுக்குப் போய் நல்ல சேலையா கட்டீட்டு வாங்க. பேராசிரியருங்களோட உக்காரோணும். வாயத் தொறக்கக் கூடாது.”

நான் சந்தோஷப்பட்டேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது, சந்தோஷம்தான் பட்டேன். கல்யாணப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டினேன். தனம்தான் தயங்கினாள்.

“எனக்கு இது வராதுங்க்கா.”

“உக்காந்திருக்கறதுக்கு என்னடி வரோணும்? பேசாத உக்காரு. கவிதா படிப்பு இருக்குது.”

“கவிதா படிப்புக்குன்னா உக்காருறனுங்க.”

மயில் கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வராத இரண்டு பேரின் அடையாள அட்டைகளை எங்கள் கழுத்தில் மாட்டி, படம் தெரியாதபடி திருப்பிப் பின் குத்தினார்கள்.

குழுவில் மூன்று பேர். அதில் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். நான் கட்டி வைத்த நோட்டுகளில் நாலைந்தை உருவிப் புரட்டினார். எல்லாவற்றிலும் குரல் வளம் அருமை. மூடி வைத்துவிட்டு, “நோட்டு போதும். ஒரு மாணவி இப்போது பாடம் நடத்தட்டும், பார்க்கிறோம்” என்றார். முதல்வர் பதறிப்போய்க் கவிதாவைக் கூப்பிட்டார். நன்றாக நடத்துகிறவள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

கடைசி இரண்டு வரிசையில் பேராசிரியர்கள் உட்கார்ந்தோம். ஆளுக்கொரு மதிப்பீட்டுத் தாள் கொடுத்தார்கள். நான் எல்லாக் கட்டத்திலும் “மிக நன்று” என்பதற்கு நேராக டிக் போட்டேன். பாடம் ஆரம்பிக்கும் முன்பே போட்டு முடித்துவிட்டேன்.

கவிதா மிதப்பது, மூழ்குவது பற்றி நடத்தினாள். இரும்பு ஆணி தண்ணீரில் மூழ்குகிறது, இரும்புக் கப்பல் மிதக்கிறது, ஏன் என்று கேட்டாள். பிறகு அடர்த்தி என்று ஒரு வார்த்தை சொல்லி, பலகையில் ஒரு சூத்திரம் எழுதினாள். குழு எதிரில் உட்கார்ந்திருக்கிறதே என்ற பயத்தில் வேகமாகப் போனாள்.

எனக்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“கண்ணு, அங்க உட்டுட்டனுங்க.”

தனம் கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள். மறந்துவிட்டாள். சேலையை, அட்டையை, வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னதை எல்லாம் மறந்துவிட்டாள். எத்தனையோ வருடமாக எத்தனையோ பிள்ளைகளிடம் தூக்கிய கை, தானாகத் தூக்கிக்கொண்டது. தாளாளர் முகம் சுண்ணாம்பு ஆனது.

கவிதாவும் மறந்துவிட்டாள். “எங்க சின்னம்மா?” என்று கேட்டாள்.

“ஆணியும் இரும்பு, கப்பலும் இரும்பு, அது வரைக்கும் கூட வந்தனுங்க. அடர்த்தின்னீங்க பாருங்க, அங்க.”

கவிதா சூத்திரத்தை அழித்தாள். வாசலுக்குப் போய், குடிதண்ணீர்க் குழாயில் ஒரு வாளி பிடித்துத் தூக்கி வந்தாள். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீர் மேல் வைத்தாள். மிதந்தது. விரலால் ஒரு பக்கம் சாய்த்தாள். தண்ணீர் புகுந்து, முங்கி அடியில் உட்கார்ந்தது.

“கிண்ணம் மாறுச்சுங்களா?”

“இல்லீங்க.”

“என்ன மாறுச்சு?”

தனம் எழுந்தே நின்றுவிட்டாள். “உள்ள காத்து இருந்துச்சு. தண்ணி வந்து அதெ வெரட்டிருச்சு. கப்பலு உள்ள பூராவும் காத்துங்களா அப்பொ?”

கண்ணாடி போட்ட அம்மா எழுந்து தனத்திடம் வந்தார். கோபமாக இல்லை. “நீங்கள் எந்தப் பாடம் எடுக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

தனத்துக்கு அப்போதுதான் நினைவு வந்தது. கழுத்தில் இருந்த அட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“நான் டீச்சரு இல்லீங்க. பெருக்கறவ. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால புள்ளைங்க எங்கிட்ட ஒருக்கா சொல்லிப் பாப்பாங்க. அந்தப் பழக்கத்துல கேட்டுட்டனுங்க.”

“உங்களை இங்கே உட்காரச் சொன்னது யார்?”

“அவருங்க தானுங்க” என்று தாளாளரைக் காட்டினாள். காட்ட மாட்டாள் என்று அவர் நினைத்திருப்பார். தனத்தைத் தெரியாதவர்.

அந்த அம்மா எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தார். “உங்களைப் போல இன்னும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா?”

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே கவிதா வாளியில் கையை விட்டுக்கொண்டு நிற்கிறாள், அவளும் நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற தனத்தின் சேலை என் தோளில் உரசிக்கொண்டிருந்தது.

“இல்லீங்க. நான் ஒருத்தி மட்டுந்தானுங்க” என்றாள் தனம்.

அந்த அம்மா அவள் பெயரைக் கேட்டுத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஊர் எது, எத்தனை வருடமாகக் கேட்கிறாள், எந்தப் பாடம் கேட்கப் பிடிக்கும் என்று பத்து நிமிஷம் பேசினார். போகும்போது தனத்தின் கையைப் பிடித்துவிட்டுப் போனார். என்னிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. பிழைத்துக்கொண்டேன் என்று மூச்சு விட வேண்டிய நேரத்தில், அவர் தனத்தின் கையைப் பிடித்ததைப் பார்த்து எனக்கு எரிந்தது. மாட்டிக்கொண்டவள் அவள், தப்பித்தவள் நான். அப்படியும் எரிந்தது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். படிக்கிற பிள்ளைகள் படித்து முடிக்கலாம், அவர்கள் பட்டம் செல்லும், ஆனால் முறையாகப் பேராசிரியர்களை நியமிக்கும்வரை புதிதாகச் சேர்க்கக் கூடாது என்று கடிதம் வந்தது. கடிதம் வரும்வரை நான் சரியாகச் சோறு தின்னவில்லை. வந்த அன்று கவிதாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆனால் ஆய்வு நடந்த மறுநாளே தாளாளர் தனத்தை நிறுத்திவிட்டார். அலமாரிச் சாவியை அவளிடமிருந்து வாங்கி வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார். கொடுத்தாள். “மாடிக் குழாய் சொட்டுதுங்க்கா, ஆளக் கூப்புட்டுப் பாக்கச் சொல்லுங்க” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒன்றரை வருடம் தறிப் பட்டறையில் நாடாவுக்கு நூல் தார் சுற்றினாள். பிள்ளைகள் விடவில்லை. அவள் தெருவுக்கே போய், தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பாடம் சொல்லிப் பார்த்தார்கள். கவிதாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, “சின்னம்மா ஊட்டுக்குப் போய்ட்டு வாரேம்மா” என்று கிளம்புவாள். “அப்படியே அங்கயே இருந்துக்க” என்று ஒருநாள் சொன்னேன்.

கல்லூரி வேறு கைக்கு மாறி, நிஜப் பேராசிரியர்கள் வந்தார்கள். புது முதல்வர் முதல் மாதமே தனத்தைத் திரும்பக் கூப்பிட்டார். வந்த அன்று மரத்தடியில் எனக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் உட்கார்ந்தேன். கேட்டுவிட வேண்டும் என்று ஒன்றரை வருடமாக வைத்திருந்ததைக் கேட்டேன்.

“அன்னிக்கு என்னையும் ஏண்டி சொல்லலெ?”

“எதெங்க்கா?”

“நடிக்காத. நானும் தான உக்காந்திருந்தேன்.”

சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். “எதுக்க புள்ள நின்னுட்டு இருந்துச்சுங்களே. ஆத்தாளெச் சொன்னா அது பாடத்தெ அப்படியே உட்டுப் போட்டு உக்காந்துருமுங்க. இன்னம் பாதிப் பாடம் இருந்துச்சு.”

நன்றி என்று நான் சொல்லவில்லை. பருப்பு ஊற்றினேன். நான் முட்டி வலியால் வேலையை விடும்வரை, அதைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை.

பதினாறாம் நாள் காரியத்தில், ஆய்வுக் குழு எதிரில் ஒரு பெருக்குகிற அம்மா தனியாக எழுந்து நின்று உண்மையைச் சொன்ன கதையை எல்லாரும் சொன்னார்கள். கவிதாவும் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவர்கள் கதையில் தனம் மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள். என் மானத்தைக் காப்பாற்ற என் மகள் அப்படிச் சொல்கிறாள் என்று தெரியும். ஆனால் கேட்கக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. போட்டோவில் ஓரத்தில் நின்றேன், சரி. செய்தி கடைசியில் வந்தது, சரி. அந்த நாளிலிருந்துமா என்னை எடுத்துவிடுவது?

அதனால் எழுதுகிறேன். அன்றைக்கு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். தனத்தை உட்கார வைத்தவள் மற்றவள்தான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் பெயர் பாப்பாத்தி.

இதை வாசித்த கவிதா, “இதெ எழுதியே தீரோணுமாம்மா?” என்று கேட்டாள். “ஆமாண்டி” என்றேன். பிறகு, “சின்னம்மா அந்தப் பொய்ய எனக்காகத் தான் சொல்லுச்சு” என்றாள். தனம் சொன்ன காரணம் அதுதான், எனக்கும் தெரியும். ஆனால் அவள் சேலை உரசிக்கொண்டிருந்தது என் தோளில். காப்பாற்றியது என்னை.

தனம் உங்களிடம் சொன்ன உண்மைகள் நிறைய இருக்கின்றன. அவற்றை நீங்கள் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள், புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவள் பொய் சொல்லி நான் கேட்டது ஒரே ஒருமுறை. அது என்னுடையது. கவிதா உட்பட யாருக்கும் தர மாட்டேன்.